கோழி முட்டைக் கணக்கு

'சுமார்' என்ற சொல்லை அவர் எதிரில் சொல்ல முடியாது. சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "சுமாருன்னா எவ்வளவு?" என்பார். ஓர் எண் வாங்காமல் விடமாட்டார். எண்ணைச் சொன்னால் அது எப்படி வந்தது என்று கேட்பார். பாதிப் பேர் இதற்குப் பயந்தே அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார்கள். மீதிப் பேரில் நானும் ஒருவன். எனக்கு வேறு வழியில்லை, அவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் டீச்சர் என்று கூப்பிடுவோம். தெருவில் முட்டை டீச்சர்.

நான் மனை விற்கிற ஒரு கம்பெனியில் சைட் சூப்பர்வைசர். எங்கள் தொழிலே சுமாரில்தான் ஓடுகிறது. 'கடற்கரை ஐந்து நிமிடம்' என்று போர்டு வைப்போம். எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்று யாரும் கேட்டதில்லை. மாடியைப் பார்க்க வந்த அன்றே இவர் கேட்டார். கூட வந்த புரோக்கர், "பஸ் ஸ்டாண்டு இதோ கீதும்மா, சுமாரா அஞ்சு நிமிஷம்" என்றான். டீச்சர் பையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். திருப்போரூர் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"போக பதிமூணு, வர பதிமூணு. நான் மெதுவா நடக்கல" என்று சொல்லி, வீட்டை எடுத்துக்கொண்டார்.

புரோக்கர் என் காதில், "இன்னா அண்ணாத்த, இந்தம்மா வூடு பாக்க வந்துதா, சர்வே பண்ண வந்துதா?" என்றான்.

அவரே அந்தச் சொல்லைச் சொல்லி நான் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். என் மனைவி சாம்பார் கொடுத்தனுப்பி, எப்படி இருந்தது என்று மறுநாள் கேட்டாள். "சுமாரா இருந்துச்சு" என்றார். அன்றைக்கு மனைவி எனக்கும் சாம்பார் ஊற்றவில்லை.

முட்டை விஷயம் இதுதான். அவருடைய சமையல் மேடையில் மிக்ஸி இருக்க வேண்டிய இடத்தில் கவ்விப் பிடித்து நீளம் அளக்கிற ஒரு வெர்னியர், நகை நிறுக்கிற மாதிரி சின்னத் தராசு ஒன்று, அளவுக்கோடு போட்ட கண்ணாடி ஜாடி ஒன்று இருக்கும். முட்டையின் நீளத்தை அளப்பார். அகலத்தை அளப்பார். நீளத்தை அகலத்தால் இரண்டு தடவை பெருக்குவார். அதை இன்னோர் எண்ணால் பெருக்கினால் முட்டையின் கன அளவு வந்துவிடும். அந்த எண் அரையைவிடச் சற்றே அதிகம். அதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். கணக்குப் போட்டதும் அதே முட்டையை ஜாடித் தண்ணீரில் இறக்கி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எண்ணைத் திருத்துவார். காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் முழுக்க இந்தக் கணக்குதான். கோழி, வாத்து, காடை என்று கடையில் கிடைத்ததெல்லாம் ஜாடிக்குள் போனது. அளந்து முடித்த முட்டைகள் எங்கள் வீட்டுக்கு வரும். ஒரு வருடம் தினமும் ஆம்லெட் சாப்பிட்டோம்.

கடைக்காரர் ஒரு நாள் கேட்டார். "டீச்சர், முட்ட வாங்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா? ஒவ்வொண்ணா தூக்கி மொகத்த பாத்துகினு கீறீங்க."

"பொண்ணு பாக்கதுக்கு இவ்வளவு நேரம் ஆகாது" என்றார் டீச்சர்.

இது எதற்கு என்று நானும் கேட்டேன். "வளைகோட்டைச் சுத்தவிட்டு கன அளவு எடுக்கதுக்கு வருஷா வருஷம் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுத்தேன். எவனும் ஒரு முட்டையைக் கையில எடுத்துப் பாக்கல. நானும் பாக்கல. இப்ப பாக்கேன்" என்றார். அவ்வளவுதான் பதில்.

எங்கள் பெண் பிறந்தபோது ஜாதகம் எழுத நேரம் கேட்டார்கள். நர்ஸ் குறித்துக் கொடுத்த சீட்டு இருந்தது. டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கடிகாரம்? பிறந்த நேரம்னா எது? தலை வந்ததா, முழுசா வந்ததா, அழுததா?" என்று கேட்டார்.

என் மனைவி படுத்தபடியே சொன்னாள். "வெளிய வந்தா போதும்னு இருந்துச்சு டீச்சர். நான் வாட்ச் கட்டிகினு போகல."

அவர் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே மாடி ஏறிப் போனார்.

இந்தக் குணத்துக்குக் காரணம் இருக்கிறது என்று மனைவி சொல்வாள். டீச்சரின் கணவர் கல்பாக்கத்தில் வேலை பார்த்தவர், நோயில் இறந்தவர். டாக்டர் சுமாராக ஆறு மாதம் என்றாராம், மூன்று வாரம்தான் இருந்தாராம். அதிலிருந்துதான் இப்படி என்பாள். நான் நம்பவில்லை. டீச்சரின் அக்கா ஒரு முறை வந்திருந்தபோது, சின்ன வயதில் அதிரசம் பங்கு வைத்தால் இவள் ஸ்கேல் எடுத்து வருவாள் என்றார். சிலர் அப்படித்தான் பிறக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு சாவைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதில்லை.

இனி அந்த ஆனி மாதத்துக்கு வருகிறேன்.

திருப்போரூருக்கும் நெம்மேலிக்கும் நடுவில், கடல் தண்ணீர் ஏறி நிற்கிற கழிவெளியைப் பார்த்த மாதிரி எங்களுக்கு ஒரு லேஅவுட். நுழைவாயிலிலிருந்து உள்ளே போகிற மெயின் ரோட்டுக்குக் கிராவல் கொட்டி வைத்திருந்தோம். பொக்லைனால் பரப்பி, ரோலர் ஓட்டினால் ரோடு முடிந்தது. அன்று காலை ஆபரேட்டர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். கருங்குழிக்காரன், வாய் ஜாஸ்தி. தலைக்கு மேலே ஒரு ஆள்காட்டி சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. ஆளைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுகிற அதே குருவிதான்.

"அண்ணாத்த, இங்க வா. ரோட்டுக்கு நடுவுல நாலு முட்ட வச்சிகினு இன்னா சவுண்டு வுடுது பாரு."

கூடு என்று எதுவும் இல்லை. கிராவலில் ஒரு சின்னப் பள்ளம். கல்லோடு கல்லாகக் கறுப்புப் புள்ளி போட்ட நான்கு முட்டைகள், கூரான முனைகள் நான்கும் நடுவில் சேர்ந்திருந்தன.

"ஓரமா எடுத்து வச்சிட்டு வேலையப் பாரு" என்றேன்.

"எடுத்து வச்சா அது வந்து குந்துமா? செத்துப்பூடும். முட்ட மேல வண்டி ஏத்தற பாவம் எனக்கு வேணாம் நைனா. நீ வேற ஆள வச்சி ஏத்திக்கோ."

வேறு ஆள் அன்றைக்குக் கிடைக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது மனைவியிடம் சொன்னேன். அவள் மாடிக்குச் சொன்னாள். சோற்றில் கை வைக்கும் முன் டீச்சர் கீழே வந்துவிட்டார். தோளில் பை, அதில் வெர்னியரும் தராசும்.

அவர் சொன்னது எனக்கே புரிந்தது. அதனால் இங்கே எழுத முடிகிறது. அடைகாக்க ஆரம்பித்தால் முட்டையின் ஈரம் ஓட்டு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும். எடை குறையும். ஓடு சுருங்காது, அதனால் கன அளவு மாறாது. கன அளவு தெரிந்தால் போட்ட அன்று முட்டை எவ்வளவு எடை இருந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். இன்றைய எடையைத் தராசு சொல்லும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் முட்டையின் வயது. வயது தெரிந்தால் பொரிக்கும் நாள் தெரியும். ஆள்காட்டிக் குஞ்சு பொரித்த அன்றே எழுந்து நடக்கும், தாய் கூட்டிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு ரோலரை ஓட்டலாம்.

"தண்ணியில போட்டா மிதக்குதா பாத்தா தெரியாதா டீச்சர்?" என்றாள் என் மனைவி.

"அடையில இருக்க முட்டைய நனைக்கக் கூடாது பிள்ள. அதோட மிதக்கத வச்சி வாரம்தான் சொல்லலாம். எனக்கு நாள் வேணும்."

சைட்டில் குடையைப் பிடித்து நிழல் போட்டு, ஒவ்வொரு முட்டையாக எடுத்து அளந்தார், நிறுத்தார், அதே மாதிரி முனை சேர்த்துத் திருப்பி வைத்தார். ஆள்காட்டி அவர் தலையைக் கொத்துகிற மாதிரி வந்து வந்து போனது. ஆபரேட்டர் தூரத்தில் நின்று, "ரெண்டும் ஒரே ஜாதி. யார் போனாலும் நிறுத்தி கேள்வி கேக்கும்" என்றான்.

தாளில் கணக்குப் போட்டு முடித்து, "அடுத்த வெள்ளிக்கிழமை" என்றார்.

நான் முதலாளியிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஆடி பிறப்பதற்குள் மனை விற்பனை தொடக்க விழா வைத்தாக வேண்டும். ஆடியில் எவனும் மனைக்கு அட்வான்ஸ் போட மாட்டான். ஆனியில் இரண்டு முகூர்த்தம் மிச்சம். ஒன்று அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு. இன்னொன்று அதற்குப் பிறகு ஒன்றரை வாரம் தள்ளி, ஒரு புதன்கிழமை. ஞாயிறு என்றால் சென்னையிலிருந்து கூட்டம் வரும். வெள்ளி பொரித்தால் சனிக்கிழமை ரோடு, ஞாயிறு விழா. "முட்டைய மிதிச்சுட்டு பூஜை போட்டேன்னு எனக்கும் பேரு வேணாம்யா. வெள்ளி வரைக்கும் நிறுத்து" என்றார்.

ரோட்டின் அந்தத் துண்டைக் கயிறு கட்டி மறித்தோம். ஆபரேட்டர் குறுக்குத் தெருக்களைப் போட்டான். எனக்குப் பறவைப் பாசமெல்லாம் கிடையாது. ஆனால் தினமும் சைட்டுக்குப் போனதும் முதலில் அந்தக் கயிற்றுப் பக்கம்தான் போனேன். தாய் உட்கார்ந்திருந்தால் போய் டீ குடிப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் வந்து ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். பொரிக்கிற நாளில் குஞ்சு உள்ளே இருந்தே சத்தம் போடும். ஓட்டில் விரிசல் விடும். சத்தம் இல்லை. விரிசல் இல்லை. நான்கையும் கேட்டார். அப்புறம் ஒன்றைக் கையில் பிடித்து, பக்கவாட்டில் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர்?"

"இது பம்பரம்லா" என்றார்.

"இன்னா?" என்றான் ஆபரேட்டர்.

"கோழி முட்டை உருண்டை. வாத்தும் அப்படித்தான், காடையும் அப்படித்தான். என் எண்ணு அதுகளுக்குத்தான் சரி. இது ஒரு பக்கம் கூரு, பம்பரம் மாதிரி. அதே நீளம், அதே அகலம் இருந்தாலும் உள்ள இடம் கம்மி. நான் கோழி முட்டைக் கணக்க இதுக்குப் போட்டுட்டேன்." கூர் முனையை விரலால் தடவி, "கண்ணு முன்னால இருந்துச்சு. பாக்கல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கயிற்றை எட்டி உதைத்தேன். முதலாளியிடம் ஒரு வாரம் கெஞ்சி வாங்கியவன் நான். கேள்வி என்னைத்தான் கேட்பார்கள். ஊரில் ஒவ்வொருவனையும் சுமாருக்காக நிற்க வைத்துக் கேட்ட மனுஷி, கோழிக்கும் ஆள்காட்டிக்கும் வித்தியாசம் பார்க்காமல் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். இதைச் சத்தமாகவே சொன்னேன். ஆபரேட்டர்கூட, "வுடு அண்ணாத்த, பெரியவங்க" என்றான்.

டீச்சர் பையைத் திறந்தார். கட்டம் போட்ட தாளின் மேல் முட்டையை வைத்து போனில் படம் எடுத்தார். நிறுத்தார். கிராவல் குவியல் மேலேயே உட்கார்ந்து, படத்தில் தெரிந்த ஓரத்தைத் தாளில் வரைந்து, முட்டையை வெங்காய வளையம் மாதிரி துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் கன அளவையும் தனியாகக் கூட்டினார். மதியம் வரை ஆனது. வெயில் மண்டையைப் பிளந்தது. என் மனைவி கொடுத்தனுப்பிய மோரை அவர் தொடவில்லை.

"இன்னும் பதினோரு நாள். செவ்வாய்க்கிழமை" என்றார்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டாவது முகூர்த்தம் புதன்கிழமை. அதற்கு முந்தின நாள், அதே செவ்வாய்க்கிழமை காலையில், ரோலர் ஓடியாக வேண்டும். திங்கட்கிழமைக்குள் பொரித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரே ஒரு நாள்.

சாயங்காலம் முதலாளியின் ஆபீஸுக்கு அவரைக் கூட்டிப் போனேன். வாசலில் நிறுத்திச் சொன்னேன்.

"டீச்சர், திங்கட்கிழமைன்னு சொல்லிடுங்க. விழாவ புதனுக்கு மாத்திடுவாரு. மாத்தி, எல்லாருக்கும் சொல்லிட்டா அப்புறம் அவராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. செவ்வாய்க்கிழம பொரிச்சா அந்தத் துண்டுக்கு மட்டும் சாயங்காலம் ரோலர் வுட்டுக்கறன். நான் பாத்துக்கறன்."

"போன தடவை தப்பாச் சொன்னேன். அது தெரியாமச் சொன்னது" என்றார். "இப்ப தெரிஞ்சே சொல்லச் சொல்லுதீங்களா தம்பி?"

"நாலு உயிரு டீச்சர்."

"அதுக்குத்தான் சரியாச் சொல்லணும்."

உள்ளே போனோம். தான் செய்த தப்பை அவர் ஒளிக்கவில்லை. உருண்டை, பம்பரம் எல்லாம் விளக்கினார். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், எனக்குக் கணக்கு வராது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. திங்கட்கிழமைக்குள்ள ஆயிடுமா? ஆயிடும்னா நான் ஞாயித்துக்கிழமைய விட்டுடறேன். நாளைக்கே எல்லாருக்கும் போன் போடச் சொல்றேன்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். முதலாளி பார்த்ததும் அப்படித்தான். அந்த மனுஷனும் ஒரு 'ஆகும்' என்ற சொல்லுக்காகத்தான் காத்திருந்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"ஆகாது. செவ்வாய்க்கிழமை" என்றார் டீச்சர்.

"ஒரு நாள் முன்னப் பின்ன..."

"இல்ல. செவ்வாய்க்கிழமை."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப என்ன மேடம் பண்றது? நீங்களே சொல்லிட்டீங்க" என்றார். என்னைப் பார்த்து, "காலையில ரோடு போட்டுடு" என்றார்.

சனிக்கிழமை வேறு ஆளை வைத்துத்தான் ஓட்டினோம். கருங்குழிக்காரன் வண்டியில் ஏறவில்லை. நான்கு முட்டைகளையும் தன் துண்டில் எடுத்துப் போய், வேலி ஓரமாகப் பள்ளம் தோண்டி, கல் பரப்பி வைத்தான். வைக்கும்போது ஒன்றில் விரிசல் விட்டது. ஆள்காட்டி அந்தப் பக்கமே போகவில்லை. பழைய இடத்தில், பரப்பிக்கொண்டிருந்த கிராவலில் வந்து உட்கார்ந்தது. ரோலர் கிட்டே வந்ததும் எழுந்தது. ரோலர் போனதும் திரும்ப வந்து உட்கார்ந்தது. ரோடு சமமாகும் வரை இது நடந்தது.

ரோலர் நின்ற பிறகு டீச்சர் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. வேலி ஓரம் போய் உட்கார்ந்து மற்ற மூன்று முட்டைகளையும் தொட்டுப் பார்த்தார். வெயிலில் கொதித்தன. விரிசல் விட்டதைக் கையில் எடுத்து, ஓட்டை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். உள்ளே ஒரு குஞ்சு மடங்கிக் கிடந்தது. மூடிய பெரிய கண், மெல்லிய அலகு, ஈரத்தில் ஒட்டிய முடி, உடம்பைவிட நீளமாக இரண்டு கால். அசையவில்லை. போனில் ஏதோ படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அதையும் குஞ்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

எனக்குக் கோபம் தீரவில்லை. பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"சொல்லுங்க டீச்சர். திங்களா, செவ்வாயா?"

அவர் ஓட்டுத் துண்டைக் குஞ்சின் மேல் திரும்ப மூடுவதற்குப் பார்த்தார். அது பொருந்தவில்லை.

"தெரியல தம்பி" என்றார். "இத வச்சி அவ்வளவு துல்லியமாச் சொல்ல முடியாது. திங்களா இருந்தாலும் இருக்கும்."

முந்தின நாள் சாயங்காலம் ஆபீஸில் முதலாளி கேட்டபோது, இந்தக் கடைசி வாக்கியம் ஒன்றே போதுமாக இருந்தது.